ஒரு பாம்பு எப்போது 'புதிய இனம்' ஆகிறது? கீல்பேக் பாம்புகளை வைத்து ஓர் எளிய விளக்கம்

போன மாசியில், அறுவடை முடிந்த வயலின் வரப்போரம் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. மூக்கு நுனியிலிருந்து வால் வரை எங்கும் கிழியவில்லை. நாம் காலுறையைக் கழற்றும்போது உள்பக்கம் வெளியே வருமே, பாம்பும் அப்படித்தான் சட்டையை உரிக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, வயிற்றோரமாகக் கத்தரிக்கோலால் வெட்டி, ஜன்னல் கண்ணாடியில் விரித்து ஒட்டினேன். பின்னாலிருந்து வெயில் விழுந்ததும் ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. முதுகுச் செதில்கள் ஒவ்வொன்றின் நடுவிலும் நீளவாக்கில் ஒரு மெல்லிய கோடு. விரலை வைத்தால் சொரசொரவென்று இருந்தது.

அந்தக் கோடு உண்மையில் ஒரு சின்ன மேடு. கப்பலின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடும் முதுகுமரத்தை ஆங்கிலத்தில் கீல் என்பார்கள். நம் ஊரில் படகு கட்டுபவர்கள் அதை ஏரா என்பார்கள். முதுகுச் செதிலில் ஏரா போன்ற மேடு இருப்பதால் இந்தப் பாம்புகளுக்குக் கீல்பேக் என்று பெயர். குளத்திலும் வாய்க்காலிலும் நாம் அன்றாடம் பார்க்கும் தண்ணீர்ப் பாம்பு ஒரு கீல்பேக். வயலில் ஓடும், முதுகில் இரண்டு வெளிர்மஞ்சள் கோடு போட்ட சாதுவான பாம்பும் ஒரு கீல்பேக். இந்தியாவில் தொடங்கி சீனா, ஜப்பான், இந்தோனேசியா வரை இந்தக் கூட்டம் பரவியிருக்கிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செதிலில் மேடு இருந்தாலே கீல்பேக் என்று நினைத்துவிடக் கூடாது. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் இதே மேடு உண்டு. உயிரோடு இருக்கும் பாம்பிடம் போய் இதைச் சரிபார்க்க வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் இன்னமும் புதிய இனங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. செய்தித்தாளில் "புதிய பாம்பு கண்டுபிடிப்பு" என்று படிக்கும்போது, யாரோ ஒருவர் காட்டுக்குள் போய் இதுவரை மனிதர் யாரும் பார்க்காத பாம்பைப் பார்த்துவிட்டார் என்றுதான் நமக்குத் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். பெரும்பாலும் நடப்பது வேறு. அந்தப் பாம்பை அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருப்பார்கள். யாராவது ஒருவர் அதைப் பிடித்துச் சாராயக் குடுவையில் போட்டு, வேறொரு பெயர் எழுதிய சீட்டோடு அலமாரியில் வைத்தும் இருக்கலாம். காட்டில் பார்ப்பது வேலையின் தொடக்கம் மட்டுமே. 'இது புதியது' என்ற முடிவு பிறப்பது ஒரு மேஜையில், ஏற்கெனவே பெயருள்ள பாம்புகளோடு ஒவ்வொன்றாக வைத்து ஒப்பிட்ட பிறகுதான்.

2019-ல் வந்த ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம்: ஹெபியஸ் லாக்ரிமா. அருணாசலப் பிரதேசத்தில் பாசர் என்ற ஊர்ப்பக்கம் கிடைத்த பாம்பு இது. கவுகாத்தியைச் சேர்ந்த ஜெயாதித்ய புர்காயஸ்தாவும், பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பாட்ரிக் தாவிதும் சேர்ந்து இதை விவரித்தார்கள். மேலுதட்டில் ஓடும் வெளிர்நிறப் பட்டை கண்ணுக்குக் கீழே ஒரு கரும்புள்ளியால் அறுபடுகிறது. பார்த்தால் கண்ணிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டு வழிவதுபோல இருக்கும். லத்தீனில் லாக்ரிமா என்றால் கண்ணீர். பெயர் அழகாக இருக்கிறது, ஆனால் அந்தக் கண்ணீர்ச் சொட்டு ஒன்றை வைத்து மட்டும் புதிய இனம் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு ஆண் பாம்பு. அந்த ஒன்றை வைத்து எப்படி நிரூபிப்பது? அதற்குத்தான் எண்ண வேண்டும்.

பாம்புக்குக் கை கால் கிடையாது, காது மடல் கிடையாது, மயிர் கிடையாது. உயிர்களை இனம் பிரிக்கும் வகைப்பாட்டியலாளர் பிடித்துக்கொள்ளக்கூடிய உறுப்பு அதிகமில்லை. ஆனால் செதில் இருக்கிறது, நூற்றுக்கணக்கில். செதிலின் பெரிய சிறப்பு, பாம்பு வளர்வதால் அதன் எண்ணிக்கை மாறுவதில்லை. குட்டியாக முட்டையை விட்டு வரும்போது எத்தனை இருந்ததோ, நான்கு அடி நீளம் ஆன பிறகும் அத்தனைதான். செதில்கள் பெரிதாகும், கூடாது. வயிற்றின் அடியில் அகலமான பட்டைகள் வரிசையாக இருக்குமே, பெரும்பாலான பாம்புகளில் அவற்றில் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு முதுகெலும்புக் கண்ணி இருக்கிறது. அப்படியென்றால் வயிற்றுப் பட்டைகளை எண்ணுவது, தோலுக்கு வெளியிலிருந்தே எலும்பை எண்ணுவது மாதிரிதான். முட்டை அடைந்திருந்த இடத்தின் வெப்பத்தைப் பொறுத்து இந்த எண்ணிக்கை ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். ஆனாலும் உடல் நீளம், எடை, பருமன் இவற்றையெல்லாம் விட இது எவ்வளவோ நம்பகமானது.

ஜன்னலில் ஒட்டிய சட்டையில் எண்ணிப் பார்த்தேன். எளிது என்றுதான் தொடங்கினேன். முதல் சிக்கல், எங்கிருந்து எண்ணுவது? தொண்டையில் செதில்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. கீழே வர வர அகலமாகி, எப்போது பட்டையாக மாறின என்றே தெரிவதில்லை. நீங்கள் ஒரு இடத்தில் தொடங்குவீர்கள், நான் வேறு இடத்தில் தொடங்குவேன், ஒரே பாம்புக்கு இரண்டு எண் வரும். இதைத் தீர்க்க 1951-ல் ஹெர்ன்டன் டௌலிங் என்ற அமெரிக்கர் ஒரு விதி சொன்னார். பக்கவாட்டில் முதுகுச் செதில்களின் முதல் வரிசை இருக்கிறதல்லவா, அந்த வரிசை இரண்டு பக்கமும் வந்து தொடுகிற முதல் பட்டையே ஒன்று. அங்கிருந்து கழிவுத்துளைக்கு முன்னால் உள்ள பட்டை வரை எண்ண வேண்டும். துளையை மூடியிருக்கும் செதிலைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இன்று உலகெங்கும் பெரும்பாலானோர் இப்படித்தான் எண்ணுகிறார்கள். பழைய நூலில் உள்ள எண்ணை எடுத்து ஒப்பிடும்போது, அவர் டௌலிங் முறைப்படி எண்ணினாரா, அதற்கு முந்தைய காலத்தவரா என்று பார்த்தாக வேண்டும். இல்லையென்றால் எண்ணும் முறையில் உள்ள வேறுபாட்டையே பாம்பில் உள்ள வேறுபாடு என்று நினைத்துவிடுவோம்.

எண்ணும்போது பத்துப் பத்தாக ஒரு குண்டூசி குத்திக்கொள்வது பழைய பழக்கம். பாதியில் யாராவது கூப்பிட்டுவிட்டால் எண் போய்விடும். நான் மூன்று முறை எண்ணினேன், மூன்று விடை வந்தது. நான்காவது முறைதான் இரண்டாவதோடு ஒத்துப்போனது.

அடுத்தது முதுகு வரிசைகள். உடலைச் சுற்றி, ஒரு பக்க வயிற்றுப் பட்டையின் ஓரத்திலிருந்து மறுபக்க ஓரம் வரை எத்தனை செதில் இருக்கின்றன என்று சாய்வாக எண்ண வேண்டும். மூன்று இடத்தில் எண்ணுவார்கள்: தலைக்குப் பின்னால் ஒரு தலை நீளம் தள்ளி, உடலின் நடுவில், கழிவுத்துளைக்கு ஒரு தலை நீளம் முன்னால். விடையை 19-19-17 என்பதுபோல எழுதுவார்கள். கழுத்தில் 19, நடுவில் 19, பின்னால் 17 என்று அர்த்தம். கீல்பேக்குகள் பலவற்றில் நடு எண் 19. என் சட்டையிலும் 19 வந்தது. ஆனால் இங்கேயே ஒரு பாடம் இருக்கிறது. நம் குளத்துத் தண்ணீர்ப் பாம்புக்கும் 19, வயல்வெளிக் கோட்டுப் பாம்புக்கும் 19. ஆக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. பல எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வயிற்றுப் பட்டைகள், வாலடிச் செதில்கள், அவை ஒற்றையா இரட்டையா, எத்தனை வரிசையில் மேடு இருக்கிறது, ஓரத்து வரிசை வழவழப்பா சொரசொரப்பா என்று.

எனக்கு விடை கொடுத்தது தலை. பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒரு வட்டமான, ஒளி ஊடுருவும் செதில் மூடியிருக்கும். சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். கைக்கடிகாரத்தின் கண்ணாடியைக் கழற்றியது மாதிரி அந்த வில்லை சட்டையில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே மேலுதட்டுச் செதில்களை எண்ண வேண்டும். அவற்றில் எவை எவை கண்ணைத் தொடுகின்றன என்றும் பார்க்க வேண்டும். தண்ணீர்ப் பாம்புக்கு வழக்கமாக ஒன்பது, நான்காவதும் ஐந்தாவதும் கண்ணைத் தொடும். கோட்டுப் பாம்புக்கு வழக்கமாக எட்டு, மூன்றாவது முதல் ஐந்தாவது வரை தொடும். என் சட்டையில் எட்டு. மூன்று, நான்கு, ஐந்து தொட்டன. நிறமே இல்லாத ஒரு வெற்றுத்தோல் தன் பெயரைச் சொல்லிவிட்டது. எனக்கு அன்று வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அப்படியானால் நிறம் எதற்கு என்று கேட்கலாம். நிறம் கண்ணில் முதலில் படுகிறது, ஆனால் ஏமாற்றும். தண்ணீர்ப் பாம்பையே பாருங்கள். மஞ்சளில் கறுப்புக் கட்டம் போட்டதும் உண்டு, பாசி நிறத்தில் கட்டமே தெரியாததும் உண்டு. ஆனால் கண்ணுக்குக் கீழே ஒன்றும் பின்னால் ஒன்றுமாகச் சாய்ந்து இறங்கும் இரண்டு கறுப்புக் கோடுகள் வழக்கமாக இருக்கும். அதனால் நிறத்தை விட, நிறம் அமைந்திருக்கும் விதமே உதவியானது. இன்னொரு சிக்கல், பாம்பைப் பார்மலினிலும் பிறகு சாராயத்திலும் போட்டு வைத்தால் சிவப்பும் மஞ்சளும் கொஞ்ச நாளில் போய்விடும். நூறு வருடத்துக்கு முந்தைய பாம்புகள் அருங்காட்சியகக் குடுவைகளில் எல்லாமே ஏறக்குறைய டீத்தூள் நிறத்தில்தான் கிடக்கும். அதனால்தான் இப்போது பிடித்தவுடனேயே உயிரோடு நிறப்படம் எடுத்துவிடுகிறார்கள்.

ஆண், பெண் வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. கீல்பேக்குகளில் பொதுவாக ஆணுக்கு வால் நீளம், அதனால் வாலடிச் செதிலும் அதிகம். ஒரு ஊரில் கிடைத்த ஆணையும் இன்னொரு ஊரில் கிடைத்த பெண்ணையும் ஒப்பிட்டு, "இதற்கு வால் நீளம், ஆகவே வேறு இனம்" என்று சொன்னால் அது தவறு. ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும்தான் ஒப்பிட வேண்டும். ஒரே ஒரு ஆண் பாம்பு கையில் இருக்கும்போது வேலை எவ்வளவு கடினமாகிறது என்பது இப்போது புரியும். அந்த இனத்தின் பெண் எப்படி இருக்கும், குட்டி எப்படி இருக்கும், எண்கள் எவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்று அந்த ஒன்று சொல்லாது. அதனால் வித்தியாசம் ஒன்றிரண்டு செதிலில் நின்றால் போதாது. பல உறுப்புகள் ஒரே நேரத்தில் வேறுபட வேண்டும். பல்லும் இதில் சேரும். மேல்தாடையின் பின்பக்கப் பற்கள் படிப்படியாகப் பெரிதாகின்றனவா, திடீரென்று பெரிதாகின்றனவா, நடுவில் இடைவெளி இருக்கிறதா என்றெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள்.

சரி, வேறுபாடு உறுதியாகிவிட்டது. அடுத்த கேள்வி: இந்தப் பாம்புக்கு ஏற்கெனவே யாராவது பெயர் வைத்திருக்கிறார்களா? இதற்குத்தான் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் ஆகும். விலங்குப் பெயரிடல் விதிப்படி 1758-ல் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் வெளியிட்ட நூல்தான் தொடக்கம். அதற்குப் பிறகு யார் முதலில் முறையாக ஒரு பெயரை வெளியிட்டாரோ அவர் வைத்ததே செல்லும். 1840-ல் யாரோ ஒரு ஜெர்மானியரோ பிரெஞ்சுக்காரரோ இரண்டே வரியில் விவரித்துவிட்டுப் போயிருந்தாலும் அந்தப் பெயருக்கே முன்னுரிமை. ஆக அந்தப் பகுதியில் இருந்து வந்த பழைய பெயர்கள் எல்லாவற்றையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றும் எந்தப் பாம்பைக் குறிக்கிறது என்று உறுதிசெய்ய வேண்டும்.

எப்படி உறுதி செய்வது? இங்கேதான் இந்தத் துறையின் மிக முக்கியமான பொருள் வருகிறது. ஹோலோடைப் என்பார்கள், மூலமாதிரி என்று சொல்லலாம். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கும்போது, "இந்தப் பெயர் இந்தக் குறிப்பிட்ட பாம்புக்கு" என்று ஓர் உடலைக் காட்டிவிட வேண்டும். அந்த உடல் ஓர் அருங்காட்சியகத்தில் எண்ணோடு இருக்கும். நாளை இரண்டு பேருக்குள் கருத்து வேறுபாடு வந்தால், விவரித்தவர் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு வாதாட வேண்டியதில்லை. போய்க் குடுவையைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம். மூலமாதிரி அந்த இனத்திலேயே அழகான பாம்பாகவோ சராசரிப் பாம்பாகவோ இருக்க வேண்டும் என்பதில்லை. அது பெயரைக் கட்டி வைக்கும் முளைக்குச்சி. அவ்வளவுதான்.

பழைய காலத்தில் அந்த முளைக்குச்சி எப்போதும் உடலாக இருந்ததில்லை. நம் தண்ணீர்ப் பாம்பின் கதை இது. பாட்ரிக் ரஸ்ஸல் என்ற மருத்துவர் சோழமண்டலக் கரையில் பாம்புகளைச் சேகரித்து, 1796-ல் வண்ணப் படங்களோடு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான் இருக்கிறது. அந்த நூலில் ஒரு பாம்பின் படத்துக்கு, உள்ளூர்க்காரர் சொன்னபடியே 'நீலி கோயா' என்று எழுதினார். 1799-ல் ஜெர்மனியில் ஷ்னைடர் என்ற அறிஞர் அந்தப் படத்தை ஆதாரமாக வைத்து, பிஸ்கேட்டர் என்று பெயரிட்டார். மீன் பிடிப்பவன் என்று பொருள். நம் கரையோரத்துப் பாம்பு ஒன்று, ஓவியமாகக் கப்பலேறிப் போய் லத்தீன் பெயர் வாங்கி வந்திருக்கிறது.

இதுவரை பார்த்தது 'இது தனி இனமா' என்ற கேள்வி. இன்னொரு கேள்வி மீதம் இருக்கிறது: இது யாருடைய உறவு? அறிவியல் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதல் சொல் பேரினம், இரண்டாவது இனத்துக்கு உரியது. இரண்டாவது சொல் கிட்டத்தட்ட நிலையானது. முதல் சொல் மாறிக்கொண்டே இருக்கும், கீல்பேக்குகளில் ரொம்பவே. என் ஜன்னலில் ஒட்டியிருந்த பாம்பையே எடுத்துக்கொள்வோம். லின்னேயஸ் 1758-ல் இதைக் கொலூபர் ஸ்டொலாட்டஸ் என்றார். ரோமானிய இல்லத்தரசிகள் அணிந்த நீண்ட ஆடைக்கு ஸ்டோலா என்று பெயர். ஸ்டோலா அணிந்தது என்று பொருள். அந்தக் காலத்தில் கொலூபர் என்ற மூட்டையில் ஏகப்பட்ட பாம்புகள் இருந்தன. பிறகு இது ட்ரோபிடோனோட்டஸ் ஆனது. கிரேக்கத்தில் அதற்கு அர்த்தமே 'ஏரா முதுகு'தான். அப்புறம் நாட்ரிக்ஸ். 1960-ல் எட்மண்ட் மல்னேட் என்பவர், நாட்ரிக்ஸ் என்ற பெயரில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா வரை எல்லாவற்றையும் போட்டு அடைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பற்களையும் ஆண் உறுப்பின் அமைப்பையும் வைத்துப் பல பேரினங்களாகப் பிரித்தார். நம் பாம்பு ஆம்ஃபியெஸ்மா ஆனது. லத்தீன், கிரேக்க இலக்கணப்படி அந்தச் சொல் அஃறிணைப் பால் என்பதால் ஸ்டொலாட்டஸ் என்பது ஸ்டொலாட்டம் என்று வால் மாறியது. இனப்பெயர் மாறாது என்றாலும் விகுதி மட்டும் இப்படிப் பேரினத்தோடு இசைந்து மாறும். இப்போது அதன் முழுப்பெயர் ஆம்ஃபியெஸ்மா ஸ்டொலாட்டம் (லின்னேயஸ், 1758). பெயர் வைத்தவரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், அவர் முதலில் வேறு பேரினத்தில் வைத்தார், பின்னால் மாற்றப்பட்டது என்று அர்த்தம். அந்த இரண்டு வளைவுகளுக்குள் இவ்வளவு கதை இருக்கிறது.

கதை அத்தோடு முடியவில்லை. ஆம்ஃபியெஸ்மாவிலும் சுமார் 40 இனங்கள் சேர்ந்துவிட்டன. 2014-ல் சீனாவின் யிபின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவோ பெங்கும் அவரோடு வேலை செய்தவர்களும் இவற்றின் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்தார்கள். பேரினம் என்பதற்கு இன்று ஒரு கறாரான நிபந்தனை உண்டு. ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்று பட்டியல் போட்டால், அந்தத் தாத்தாவின் எல்லாப் பேரன் பேத்திகளும் அதில் இருக்க வேண்டும். முகஜாடை ஒத்துப்போகிறது என்பதற்காக அடுத்த தெருப் பிள்ளை உள்ளே வந்துவிடக் கூடாது. ஜாடை இல்லை என்பதற்காகச் சொந்தப் பேரனை விட்டுவிடவும் கூடாது. ஆம்ஃபியெஸ்மா இந்தச் சோதனையில் தேறவில்லை. உள்ளே மூன்று தனித்தனிக் கிளைகள் இருந்தன. முகஜாடையால்தான் இத்தனை நாள் ஒன்றாக இருந்திருக்கின்றன.

பிரித்தால் பழைய பெயர் யாருக்கு? ஒவ்வொரு இனப்பெயரும் ஒரு மூலமாதிரியோடு கட்டியிருப்பதுபோல, ஒவ்வொரு பேரினப் பெயரும் ஓர் இனத்தோடு கட்டியிருக்கும். ஆம்ஃபியெஸ்மா என்ற பெயர் கட்டியிருந்தது நம் ஸ்டொலாட்டத்தோடு. அது தனிக்கிளையாக நின்றதால், பெயரும் அதனோடே போய்விட்டது. இன்று அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான். மற்றவற்றில் பெரும்பான்மை, ஜப்பானில் உள்ள விபகாரி என்ற பாம்புக்காக 1913-ல் தாம்சன் உருவாக்கிய ஹெபியஸ் என்ற பெயருக்குப் போயின. கண்ணீர்ப் பாம்பு பின்னால் வந்து சேர்ந்தது இந்த ஹெபியஸில்தான். இமயமலைப் பக்கத்துச் சில இனங்களுக்கு குந்தர் 1860-ல் வைத்த ஹெர்பெடோரியாஸ் என்ற பெயர் மீண்டும் உயிர்பெற்றது. அதே கட்டுரையில் தென்கிழக்குத் திபெத்தில் கிடைத்த ஒரு புதிய ஹெர்பெடோரியாஸுக்கும் பெயர் வைத்தார்கள். தண்ணீர்ப் பாம்பும் இப்படித்தான் 2018-ல் ஸீனோக்ரோஃபிஸிலிருந்து ஃபௌலியாவுக்கு வந்தது. பழைய புத்தகத்தில் ஒரு பெயரும் புதிய புத்தகத்தில் வேறு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம். பாம்பு அதேதான், நமக்கு அதன் சொந்தபந்தம் இப்போது கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

டி.என்.ஏ. வந்துவிட்டதே, இனி செதில் எண்ணுவது எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. டி.என்.ஏ.வுக்கு ஈரல் அல்லது தசையில் ஒரு சிறு துண்டு போதும். அதைப் பார்மலினில் போடாமல் தூய எத்தனாலில் வைக்க வேண்டும். பார்மலின் பட்ட உடலிலிருந்து டி.என்.ஏ. எடுப்பது பெரும்பாடு. ஆனால் பழைய மூலமாதிரிகளில் பலவும் பார்மலினிலோ, அடையாளம் தெரியாத ஏதோ திரவத்திலோ ஊறியவை. அவற்றோடு பேச நமக்கு இருக்கும் மொழி செதில்தான். அதோடு, இரண்டு பாம்புகளின் டி.என்.ஏ. இத்தனை சதவீதம் வேறுபட்டால் புதிய இனம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட எண் எதுவும் கிடையாது. டி.என்.ஏ. 'இவை பிரிந்து நாளாகிவிட்டது' என்று சொல்லும். செதிலும் பல்லும் நிறமும் அதையே சொன்னால், அவை வாழும் இடமும் வேறாக இருந்தால், அப்போதுதான் நம்பிக்கை வரும். என்னைக் கேட்டால், ஒரே ஒரு சாட்சியை மட்டும் நம்பி வரும் புதிய இனங்களைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாக இருப்பதே நல்லது.

இரண்டும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று அசாமில் இருக்கிறது. சாமுவேல் பீல் என்ற ஆங்கிலேயத் தேயிலைத் தோட்டக்காரர், சிவசாகர் பக்கம் இரண்டு பாம்புகளைச் சேகரித்தார். இரண்டும் ஆண். 1891-ல் ஸ்க்லேட்டர் என்ற விலங்கியலாளர் அந்த இனத்துக்கு 'பீலியி' என்று பீலின் பெயரையே வைத்தார். ஒன்று கல்கத்தாவில் இருக்கிறது, இன்னொன்று லண்டனில். அதற்குப் பிறகு அந்தப் பாம்பை யாரும் பார்த்ததாகப் பதிவே இல்லை. 1911-12-ல் ஆங்கிலேயர் அபோர் மலைமக்கள் மீது நடத்திய படையெடுப்பின் வழித்தடத்தை ஒட்டி, 2018-ல் ஓர் ஆய்வுக்குழு போனது. அசாம்-அருணாசல எல்லையில் உள்ள போபா காப்புக்காட்டில் ஒரு பாம்பு கிடைத்தது. பெண் பாம்பு. சிவசாகரிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. டேராடூன் இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் அபிஜித் தாஸ், லண்டனின் டேவிட் கோவர், தீபக் வீரப்பன் மூவரும் அந்த இரண்டு பழைய ஆண்களையும் இந்தப் பெண்ணையும் ஒப்பிட்டார்கள். எல்லோரும் தொலைந்தே போய்விட்டதாக நினைத்த பாம்பு அதுதான் என்று 2020-ல் வெளியானது. டி.என்.ஏ. அதற்கு மேலும் ஒரு விஷயம் சொன்னது. அதுவரை ஹெபியஸ் என்று வைத்திருந்த அந்தப் பாம்பு, உண்மையில் ஹெர்பெடோரியாஸின் உறவு. நூற்றிருபது வருடத்துக்கும் மேல் கழித்துக் கிடைத்த கையோடு அதன் முகவரியும் மாறியது. நினைத்துப் பாருங்கள், அந்த இரண்டு குடுவைகளையும் யாராவது "பழசு" என்று தூக்கிப் போட்டிருந்தால் அந்தப் பெண் பாம்பைப் புதிய இனம் என்றே சொல்லியிருப்பார்கள்.

இதெல்லாம் அறிஞர்களின் பெயர் விளையாட்டு, நமக்கென்ன என்று தோன்றலாம். ராப்டோஃபிஸ் என்ற பேரினத்தைப் பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். கீல்பேக்குகளுக்கு விஷம் இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்வோம். ஆனால் ஜப்பானில் உள்ள ராப்டோஃபிஸ் டைகிரினஸ் கடித்து மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். அங்கே அதற்கு முறிமருந்தே இருக்கிறது. அது தேரையைத் தின்று, தேரையின் விஷத்தைத் தன் கழுத்துச் சுரப்பிகளில் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. இலங்கையில் மட்டுமே வாழும் ஒரு கீல்பேக், பலனோஃபிஸ் என்ற தனிப் பேரினத்தில் வெகுகாலம் தனியாக இருந்தது. 2015-ல் அது கடித்து உடல் முழுவதும் விஷம் பரவிய ஒரு நிகழ்வு மருத்துவ இதழில் வெளியானது. 2018-ல் டி.என்.ஏ. ஆய்வு ஒன்று அந்தப் பாம்பை ராப்டோஃபிஸ் பேரினத்துக்குள் கொண்டுவந்து சேர்த்தது. அப்போது இரண்டு செய்தியும் ஒன்றையொன்று விளக்கின. வடகிழக்கு இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் 2021-ல் விவரிக்கப்பட்ட பாம்புக்கு, கழுத்துப் பக்கம் உள்ள குறி நெற்றிப் பொட்டு மாதிரி இருப்பதால் பிந்தி என்றே பெயர்; அதுவும் ராப்டோஃபிஸ்தான். அதன் விஷத்தைப் பற்றித் தனியாக எதுவும் தெரியாவிட்டாலும், அந்த முதல் சொல்லைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொள்ளலாம். பேரினப் பெயர் செய்கிற வேலை அதுதான்.

நீங்கள் இருக்கும் ஊரில் ஒரு கீல்பேக்கைப் பார்த்தால் பிடிக்க வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். பாம்பைப் பிடிப்பதற்கு ஆய்வாளர்களே வனத்துறையிடம் அனுமதி வாங்க வேண்டும். தள்ளி நின்று படம் எடுங்கள். முழு உடம்பு தெரியும்படி ஒன்று, முடிந்தால் தலையின் பக்கவாட்டை மேலுதட்டுச் செதில் எண்ணும்படி தெளிவாக ஒன்று. பெரும்பாலானோர் மேலிருந்து மட்டும் எடுக்கிறார்கள், உதடு தெரிவதே இல்லை. சட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. உரியும்போது இழுபட்டு நீண்டுவிடுவதால், அதை வைத்துப் பாம்பின் நீளத்தை மட்டும் அளக்காதீர்கள். நான் என் சட்டையை ஜன்னலிலிருந்து எடுத்து, காயவைத்து, ஒரு காகித உறையில் போட்டேன். உள்ளே ஒரு சீட்டு, பென்சிலால் எழுதியது. மை சாராயத்தில் கரையும், பென்சில் கரையாது. ஊர், தேதி, வாய்க்காலுக்கு வடக்கு வரப்பு, அறுவடை முடிந்த நெல்வயல், நடு உடலில் 19 வரிசை, மேலுதட்டில் எட்டு, மூன்றும் நான்கும் ஐந்தும் கண்ணைத் தொடுகின்றன.